‘கடிதமாத் தாங்கோ சேர்’ என்று சொல்லப் பழகிய கதை

எங்கள் ஊர் ஒட்டுசுட்டானுக்கு அங்கால, முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணி பாயிற பக்கம். ஊரின் பெயரை வேண்டுமென்றுதான் விடுகிறேன். எழுதினால் இது ஆரைப் பற்றி, அது ஆரைப் பற்றி என்று நாளைக்கே நாலு ரெலிபோன் வரும், ஒவ்வொருவருக்கும் வியாக்கியானம் சொல்ல எனக்கு நேரமில்லை. 2011 தொடக்கம் ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளராக இருந்தேன், போன வருசம்தான் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஆறுதலாக இருக்கிறேன். சனசமூக நிலையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்: ஒரு மண்டபம், நாலு வாங்கு, பிந்தி வரும் இரண்டு பத்திரிகை, ஒரு கரம் போட், சுவரில் மாதம் ஒருக்கா ஒட்டுகிற கையெழுத்துப் பத்திரிகை. அரசாங்கத்தின் கை எவ்வளவு தூரம் நீளலாம், நாங்கள் எவ்வளவு கதைக்கலாம் என்கிற விசயத்தை நான் படித்தது அந்த வாங்கில் இருந்துதான். அடி வாங்கிப் படித்ததும் இருக்கு, வெட்கப்பட்டுப் படித்ததும் இருக்கு.

முதல் பாடம் ஒரு தண்ணி மோட்டார். 2012இல் என்னுடைய வயல் மோட்டாரை இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பொலிசுக்குப் போனேன். நான் தமிழில் சொன்னேன், பக்கத்தில் இருந்தவர் அரைகுறையாக மொழிபெயர்த்தார், எழுதியவர் சிங்களத்தில் எழுதினார், கடைசியில் விரலை வைத்து ‘இஞ்ச’ என்று காட்டிய இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். பிறகு ஆளைப் பிடித்து வழக்கும் வந்தது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் என்னுடைய வாக்குமூலத்தை வாசிக்கிறார்: மோட்டாரை நானே இரவல் கொடுத்ததாகவும், அது திரும்பி வரவில்லை என்றும். எனக்குத் தலை சுற்றியது. எழுதியவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை, அவருக்கு விளங்கியது அவ்வளவுதான். மோட்டார் போனது போனதுதான்.

ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது மோட்டாரை விட வேறொன்றைத்தான் யோசித்தேன். சாதாரண சட்டத்தில் பொலிசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிராகச் செல்லாது. 1979இல் தற்காலிகம் என்று பெயர் வைத்துக் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்தால் செல்லும். விளங்காத மொழியில் இருந்த தாளில் கையெழுத்து வைத்துவிட்டு, அந்தத் தாளாலேயே வருசக்கணக்காக உள்ளே இருந்த பெடியளின் தாய்மாரை எனக்குத் தெரியும். எனக்குப் போனது ஒரு மோட்டார்.

அதனால் இதை முதலில் சொல்கிறேன். விளங்காத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்து வைக்காதேங்கோ. ‘தமிழில் எழுதினால் வைக்கிறேன் சேர்’ என்று பணிவாகச் சொன்னால் போதும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, 1988இல் 16ஆவது திருத்தத்தோடு வந்த வடிவத்தில், வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிர்வாக மொழி என்கிறது. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்ட நாடு முப்பத்திரண்டு வருசம் கழித்து அதை எழுதியது. எழுதினதோடு அவர்கள் வேலை முடிந்தது, கேட்பது எங்கள் வேலையாகிவிட்டது. முதல் தடவை கேட்கும்போது நாக்கு ஒட்டும். தமிழ் தெரிந்த ஆள் வரும்வரை இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருக்க வைப்பார்கள். இருங்கோ. ஒரு போத்தல் தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டு போவது நல்லது, பகிடிக்குச் சொல்லவில்லை.

அடுத்தது ஆண்டு விழாக் கதை, இதில் குற்றம் என்னுடையது. மீள்குடியேறிய புதிதில் எதற்கும் ஆமிக்கு அறிவிக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. சாமத்திய வீட்டுக்குக்கூட அறிவித்தவர்கள் இருந்தார்கள். 2012 விழாவுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு முகாமுக்குப் போனேன். சிவில் அலுவல்களுக்குப் பொறுப்பான அதிகாரி மரியாதையான மனிசன், தேத்தண்ணி தந்தார். பிரதம விருந்தினர் ஆர், என்ன பாட்டு, என்ன நாடகம் என்று கேட்டார். நிர்வாகசபை ஆக்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்டார், கொடுத்தேன். அடுத்த வருசம் அவர் கேட்கவில்லை. நானே பட்டியலை ரைப் பண்ணிக் கொண்டு போனேன். அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெடியனின் வீட்டுக்குப் பிறகு மூன்று தடவை ஆட்கள் போய் விசாரித்தார்கள், அவன் 2014இல் கட்டாருக்குப் போய்விட்டான். ‘நீங்கள்தானே அண்ணை குடுத்தனீங்கள்’ என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

2015 தையில் ஆட்சி மாறின பிறகு, வவுனியாவில் எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன், ஒரு மண்டபத்துக்குள் கூட்டம் வைக்க ஆமியிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கு? அவர் சிரித்தார். ஒலிபெருக்கி கட்டினால் பொலிஸ் அனுமதி வேண்டும். வீதியில் ஊர்வலம் போனால் பொலிசுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மண்டபத்துக்குள் கதிரை போட்டு இருந்து கதைக்க ஒன்றுமே வேண்டாம். பேச்சு, கூட்டம், சங்கம் மூன்றும் 14ஆம் உறுப்புரையில் இருக்கு. அவற்றைக் கட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரையும் இருக்கு, இன ஒற்றுமைக்காக, தேசிய பாதுகாப்புக்காக என்று நீளமான பட்டியல். ஆனால் அந்தக் கட்டுப்பாடு ‘சட்டத்தால்’ விதிக்கப்பட வேண்டும். சட்டம் என்றால் தாளில் இருக்கும், இலக்கம் இருக்கும், திகதி இருக்கும். வேலிக்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ‘இதை வைக்காதேங்கோ’ என்று சொல்வது சட்டத்தில் சேராது. அன்றையிலிருந்து எனக்கு ஒரு வசனம் பாடமாகிவிட்டது: ‘சரி சேர், கடிதமாத் தாங்கோ.’ பத்துத் தடவை சொல்லியிருப்பேன், ஒரே ஒருக்காத்தான் கடிதம் வந்தது.

குரலைக் கவனிக்க வேண்டும், சண்டைக்குப் போகிற குரலில் சொல்லக் கூடாது. ‘நிர்வாகசபைக்குக் காட்ட வேணும் சேர், கடிதம் இல்லாட்டி என்னை ஏசுவினம்’ என்று ஊரை மேலே போட்டுவிட வேண்டும். தனியாகப் போகக் கூடாது. ஒரு அக்காவையாவது கூட்டிக்கொண்டு போங்கோ, பொம்பிளையள் பக்கத்தில் இருந்தால் கதைக்கிற விதமே மாறும். திரும்பி வந்ததும் திகதி, நேரம், ஆர், என்ன கேட்டார் என்று ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். அதிகம் கரைச்சல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம், அவசர இலக்கம் 1996. அங்கே முதலில் கேட்பது திகதியைத்தான்.

கல் விசயத்துக்கு வருகிறேன். 2018இல் எங்கள் மானாவாரி வயல்களுக்குள் ஒரு திணைக்களம் எல்லைக்கல் போட்டது. பெயர் வேண்டாம். இடம்பெயர்ந்து நாங்கள் இல்லாத வருசங்களில் வயலுக்குள் மரம் முளைத்துவிட்டது, முளைத்ததைப் பார்த்துவிட்டு அது காடு என்கிறார்கள். கல் போட்ட பிறகு ஒரு கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களம். ஊரில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நின்ற ஒரு மாமா மட்டும்தான். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு ‘வேலி அடைக்கட்டாம்’ என்றார். இரண்டு பேர் சந்தோசமாகக் கம்பியும் வாங்கிவிட்டார்கள். உண்மையில் அது வெளியேறச் சொன்ன கடிதம்.

மூலக் கடிதத்தை நாங்கள் திருப்பி அனுப்பவில்லை, அதை ஒருநாளும் செய்யக் கூடாது. போட்டோக்கொப்பி எடுத்து, ‘இந்தக் கடிதம் எங்களுக்கு விளங்கவில்லை, தமிழில் அனுப்புங்கள், தமிழில் கிடைத்த நாளிலிருந்துதான் தவணையை எண்ணுவோம்’ என்று எழுதிப் பதிவுத் தபாலில் போட்டோம். ஆறு கிழமை கழித்துத் தமிழ்க் கடிதம் வந்தது. ‘உங்களது காடு உங்களால் வெளியேற்றப்படல் வேண்டும்’ என்று ஒரு வசனம். வாசிகசாலையில் அதை எத்தனை தரம் வாசித்துச் சிரித்தோம் என்று கணக்கில்லை. ஆனால் அந்த ஆறு கிழமைக்குள் நாங்கள் வேறு இரண்டு வேலை தொடங்கியிருந்தோம்.

ஒன்று, காணிப் பத்திரம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் எங்கள் பெரியவர்களிடம் இருந்தது. முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் எந்தப் பங்கருக்குள் போனதோ தெரியாது. பிரதேச செயலகத்துப் பதிவேட்டில் பதிவு இருந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பத்துத் தடவை அலைந்தோம். அங்கே இருந்தவர் எங்கள் ஆள், தமிழர், எங்களுக்குப் பக்கத்து ஊரில் கலியாணம் முடித்தவர். ‘இதுக்குள்ள ஏன் மினைக்கெடுறியள்?’ என்று எரிந்து விழுந்தார். எங்கள் மொழி கதைக்கிறவர் கதிரையில் இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்திருந்தேன்.

மற்றது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம். 2017 மாசியிலிருந்து நடைமுறையில் இருக்கு, பாதிச் சனத்துக்குத் தெரியாது. விண்ணப்பத்துக்குக் காசில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பதினான்கு நாளுக்குள் அதே இடத்துக் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று கிழமை. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

எங்கள் முதல் விண்ணப்பம் குப்பைக்குப் போயிருக்கும். மூன்று பக்கம், பாட்டன் பூட்டன் காலத்துக் கதை, ‘எங்கள் பூர்வீக வயலைக் காடு என்று எப்படிச் சொல்லலாம்?’ என்று முடித்திருந்தோம். அதற்கு வந்த பதில் ‘இது தகவல் அல்ல’. அவர்கள் சொன்னது சரி. அந்தச் சட்டம் நியாயம் தராது, கையில் இருக்கிற தாளைத்தான் தரும். இரண்டாம் தரம் மூன்றே மூன்று கேட்டோம்: இந்தக் காணியை ஒதுக்கிய வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், எல்லை காட்டும் வரைபடத்தின் பிரதி, நேரில் வந்து பார்த்த அதிகாரியின் பதவியும் வந்த நாளும். ‘ஏன்’ என்று ஒரு சொல்லும் இல்லை. பதில் வரவில்லை, மேன்முறையீடு போட்டோம், வரைபடம் வந்தது. அதில் இருந்த எல்லை கல் போட்ட இடத்தில் இல்லை. பிறகு வந்து அளந்தார்கள், பல கற்கள் பின்னால் போயின. நாலு பேரின் வயல் இன்னும் கல்லுக்குள்தான் இருக்கு, முழு வெற்றி என்று சொன்னால் பொய்.

இந்த இடத்தில் ஒரு பெரியம்மாவைச் சொல்லாமல் போக முடியாது. 1977 கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்து எங்கள் ஊர் ஓரத்தில் குடியேறிய குடும்பங்கள் இருக்கு. காடு வெட்டி வயலாக்கியவர்கள், ஆனால் பத்திரம் ஒன்றும் இல்லை. எங்கள் மனுவில் அவர்களைச் சேர்த்தால் பத்திரம் உள்ளவர்களின் நியாயமும் கெட்டுவிடும் என்று நிர்வாகசபையில் முடிவெடுத்தோம். நல்ல நோக்கம் என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். கூட்டத்தில் அந்தப் பெரியம்மா எழும்பி, ‘ஏன் தம்பி, எங்க வயல்ல கல்லு போடலியா?’ என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருசத்துக்கு மேல் ஒரே குளத்துத் தண்ணி, நிர்வாகசபையில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அடுத்த தெரிவில் இரண்டு பேரைப் போட்டோம், யாப்பிலும் எழுதினோம். 1990 ஐப்பசியில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது முல்லைத்தீவிலிருந்து போனவர்கள் திரும்பி வந்து காணி கேட்கையில், எங்கள் ஆட்களில் சிலர் கதைத்த கதை அந்தத் திணைக்களத்தின் கதை மாதிரியே இருந்தது. இதை எழுதினால் என்னை ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏசட்டும்.

மாகாண சபை எங்கே போனது என்று கேட்பீர்கள். 2013 புரட்டாதி 21இல் வரிசையில் நின்று வாக்குப் போட்டோம், வடக்குக்குத் தனியாக நடந்த முதல் மாகாண சபைத் தேர்தல். ஐந்தாம் நாள், 26ஆம் திகதி, அரச காணி மத்திய அரசாங்கத்துக்கு உரியது, அதன் மீதான மாகாணத்தின் அதிகாரம் குறுகியது என்ற கருத்தில் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. வழக்கு மலைநாட்டுத் தோட்டக் காணி பற்றியது, அடி எங்களுக்கும்தான். மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தில் காணிக்கும் பொலிசுக்கும் தனித்தனிப் பின்னிணைப்பு இருக்கு, வாசிக்க வடிவாக இருக்கும். 2018 ஐப்பசியில் சபையின் காலம் முடிந்தது, பிறகு தேர்தலும் இல்லை, ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான். ஆனாலும் சபை இருந்த ஐந்து வருசமும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். மண்டபத்துக்குக் கூரை போட்டது அந்தக் காசில். தவிர, எங்கள் மொழியில் ஏசக்கூடிய தூரத்தில் ஒரு ஆள் இருந்தார். இப்போது ஆரை ஏசுவது?

கடைசியாகச் சுவர்ப் பத்திரிகை. 2014இல் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று தகப்பனைப் பற்றி ஒரு கவிதை தந்தது. தகப்பன் வட்டுவாகல் பாலத்தடியில் ஆமியிடம் கையளிக்கப்பட்டவர், இன்றுவரை பதில் இல்லை. கவிதையின் நடுவில் இரண்டு வரியை நான் வெட்டினேன். எனக்கு ஒருவரும் வெட்டச் சொல்லவில்லை. கடிதமும் வரவில்லை, மோட்டார் சைக்கிளும் வரவில்லை. நானாகவே சிவப்புப் பேனையை எடுத்தேன், அதுவும் யோசிக்காமல், பழகிய கை மாதிரி. பழகியதுதான். 2009க்கு முன்னும் எந்தச் சொல்லை எழுதக் கூடாது என்று எனக்கு நல்லாய்த் தெரிந்திருந்தது, அப்போது அது வேறு ஆட்களுக்காக. வன்னியை விட்டு வெளியே போகப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்ததை நாங்கள் இப்போது கதைப்பதில்லை. பிள்ளை சுவரில் கவிதையைப் பார்த்தது. ஒன்றும் சொல்லாமல் போனது. பிறகு இரண்டு வருசம் ஒன்றும் எழுதித் தரவில்லை.

2016 கார்த்திகையில், புலிப் போராளிகளைப் புதைத்த துயிலுமில்லங்களைத் துப்புரவாக்கிச் சனம் விளக்கேற்றிய பிறகு எங்களுக்கும் கொஞ்சம் துணிவு வந்தது. வாசிகசாலையில் ஒரு பெரிய கொப்பி வைத்தோம். ஊரில் செத்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எல்லாரின் பெயரையும் வீட்டுக்காரரே தங்கள் கையால் எழுத வேண்டும். போராளி, பொதுமகன் என்று பிரிக்கவில்லை, ஆர் கொன்றது என்றும் கேட்கவில்லை. எழுதத் தெரியாத ஒரு அம்மா பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து எழுதினார். ஒரு கிழமை கழித்துச் சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள், நல்ல தமிழ். ‘சும்மா பாக்கத்தான் அண்ணை, ரெண்டு படம் எடுக்கட்டோ?’ நான் வழமையான வசனத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு மூன்று கிழமை வாசிகசாலைக்கு ஒருவரும் வரவில்லை. பத்திரிகை வாசிக்கக்கூட வரவில்லை. நான் தனியாக இருந்து கரம் போட்டைத் துடைத்தேன். இந்த வசனத்துக்கு அந்த விலை இருக்கு, அதைச் சொல்லாமல் மற்றவர்களுக்குப் பழக்கக் கூடாது.

கொப்பியை மூடவில்லை. ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைத்தோம், எங்கே என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். பேஸ்புக்கில் போடலாம் என்று பெடியள் நின்றார்கள், வேண்டாம் என்றோம். எழுதிய அம்மாமார் அதற்குச் சம்மதம் தரவில்லை என்பதுதான் காரணம். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்த பிறகு, ஒரு படத்தைப் போடும் முன் அதில் முகம் உள்ளவரிடம் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். எங்கள் சொந்தப் பேச்சுக்கு நாங்கள் ஆபத்தை ஏற்கலாம், அடுத்த வீட்டு அம்மாவின் தலையில் அதைக் கட்டலாமோ?

சரி, இப்போது செயலாளர் அந்தப் பிள்ளைதான். பிள்ளை என்று சொல்லப்படாது, இருபத்தாறு இருபத்தேழு வயது, தொண்டராசிரியையாகப் படிப்பிக்கிறா. சுவர்ப் பத்திரிகையில் வெட்டுகிற பழக்கம் இல்லை. ஏதாவது பயமாக இருந்தால் எழுதினவரைக் கூப்பிட்டு, ‘இது வந்தால் இப்படி நடக்கலாம், போடவோ விடவோ?’ என்று கேட்பா, முடிவு எழுதினவருடையது. வெட்டின இரண்டு வரியையும் பற்றி நான் இன்னும் அவவிடம் கதைக்கவில்லை. கவிதைத் தாள் என்னிடம் இல்லை, அவவிடம் இருக்கா தெரியாது.

கல்லுக்குள் இருக்கிற நாலு வயலுக்கும், பத்திரம் இல்லாத குடும்பங்களுக்கும் போன மாதம் புதிதாக ஒரு தகவல் விண்ணப்பம் போட்டிருக்கிறா. என்னிடம் வாசிக்கத் தந்தா, ஒரு பக்கம் கூட இல்லை, ஐந்து கேள்வி, ‘ஏன்’ எங்கேயும் இல்லை. பதிவுத் தபால் துண்டு பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கு. பதினான்கு வேலை நாள் வருகிற புதன்கிழமையோடு முடிகிறது.